ஆய்வுக்கூடமும் அறநெறியும்: பேராசிரியர் தௌலத்சிங் கோத்தாரி

ஆசிரியர் பயிற்சி பெற்றவர் எவரும் கோத்தாரி என்னும் பெயரை அறியாதிருக்க இயலாது. கோத்தாரி கல்விக் குழுவின் பரிந்துரைகள் பயிற்சிப் பள்ளிகளில் பல்லாண்டுகளாகப் பாடமாக இருந்துவந்துள்ளன. தேர்வுக்கு அவற்றை மனப்பாடம் செய்தவர்கள் பலர். ஆனால் அக்குழுவின் தலைவர் ஓர் இயற்பியல் பேராசிரியர் என்பதும், விண்மீன்களின் உள்ளமைப்பை ஆராய்ந்தவர் என்பதும், அருகன் நெறியில் பிறந்து அந்நெறியிலேயே வாழ்ந்து மறைந்தவர் என்பதும் நம் இல்லங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. ஆசிரியப் பணியைப் பெருமையாகக் கொண்ட குடும்பங்கள் நம்மிடையே மிகுதி. ஆதலால் ஆசிரியராகவே தம்மைக் கருதிய இப்பெரியாரின் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நலம்.

பிறப்பும் இளமையும்

தௌலத்சிங் கோத்தாரி 1906ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள், மேவார் சமஸ்தானத்தின் தலைநகரான உதயப்பூரில் ஒரு ஜைனக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். மைந்தர் இளம்பருவம் கடவாத நிலையிலேயே தந்தையார் மறைந்தார். குடும்பப் பாரம் அன்னையார்மீது விழுந்தது. உதயப்பூரிலும் இந்தூரிலும் பள்ளிக் கல்வி நடந்தது. கல்லூரிக் கல்விக்கு வழியின்றி நின்றவருக்கு மேவார் மகாராணா மாதம் 50 ரூபாய் உதவித்தொகை வழங்கினார். அந்தத் தொகையை நம்பி அலகாபாத் பல்கலைக்கழகம் சென்றார்.

அலகாபாத்தில் அவருக்கு வாய்த்த ஆசான் மேகநாத் சாகா. வங்கத்தின் எளிய குடும்பத்திலிருந்து உழைப்பால் உயர்ந்தவர் சாகா. விண்மீன்களின் வெப்பத்தால் அங்குள்ள அணுக்கள் தம் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாகின்றன என்பதை 1920ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டி உலகப் புகழ் பெற்றவர். அவரிடம் பயின்று 1928ஆம் ஆண்டில் கோத்தாரி முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் அங்கேயே செய்முறை வகுப்புகளில் மாணவர்க்கு உதவும் பயிற்றுநராகப் பணியேற்றார். அவருடைய ஆசிரியப் பணி விரிவுரை மேடையில் தொடங்கவில்லை. ஆய்வுக்கூட மேசையருகே தொடங்கியது. இதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

கேம்பிரிட்ஜில் பெற்ற பயிற்சி

1930ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அணுவின் கருவைக் கண்டறிந்த ரூதர்ஃபோர்டு அப்பொழுது அதன் தலைவர். கோட்பாட்டு இயற்பியலில் ஃபௌலர் வழிகாட்டினார். அதே 1930ஆம் ஆண்டில், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரும் கேம்பிரிட்ஜ் வந்து அதே ஃபௌலரிடம் சேர்ந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. இருவரும் 1933ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றனர். இருவரும் வெள்ளைக் குள்ள விண்மீன்கள் எனப்படும், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களின் இயல்பை ஆராய்ந்தனர்.

கோத்தாரியின் ஆராய்ச்சியை எளிய முறையில் கூறலாம். வெப்பத்தால் அணு சிதைவதை ஆசான் காட்டினார். வெப்பமே இல்லாவிடினும், அழுத்தம் மட்டும் அளவு கடந்து மிகுமாயின் அணுக்கள் ஒன்றையொன்று நெருக்கித் தம் எலக்ட்ரான்களை இழந்துவிடும் என்பதை மாணவர் காட்டினார். இதற்கு அழுத்த அயனியாதல் என்று பெயர். இதிலிருந்து வியப்பான முடிவு ஒன்று கிடைத்தது. குளிர்ந்த பொருள் ஒன்றின்மேல் மேலும் மேலும் பொருளைச் சேர்த்துக்கொண்டே போனால் அது முதலில் பெருக்கும். ஓர் எல்லைக்கு மேல் தன் எடையாலேயே நெருக்குண்டு சுருங்கத் தொடங்கும். ஆகவே குளிர்ந்த கோளம் எதுவும் ஏறக்குறைய வியாழன் கோளின் அளவைத் தாண்டிப் பெரிதாக இயலாது. ஆசான் நின்ற இடத்திலிருந்து மாணவர் ஓரடி முன்வைப்பதே கல்வியின் பயன் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தில்லியில் ஆசிரியர்

1934ஆம் ஆண்டில் அவர் தில்லிப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைக்குப் பொறுப்பேற்றார். அப்பொழுது அவருக்கு வயது 28. பல்கலைக்கழகம் தோன்றிப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பழைய வைசிராய் மாளிகை பல்கலைக்கழகத்திற்குக் கிடைத்ததே 1933ஆம் ஆண்டில்தான். ஆராய்ச்சி மரபு வேரூன்றாத இடம். கேம்பிரிட்ஜில் பயின்ற ஒருவர் இத்தகைய இடத்தில் தம் காலம் வீணாவதாக எண்ணியிருக்கலாம். கோத்தாரியோ 1961ஆம் ஆண்டு வரை அங்கேயே இருந்து அத்துறையை வளர்த்தார். 1942ஆம் ஆண்டில் பேராசிரியரானார்.

1938ஆம் ஆண்டில் துணைவேந்தராக வந்த சர் மாரிஸ் குவையர் நல்ல ஆசிரியர்களைத் தேடிக் கொணர்ந்தார். வேதியியலுக்கு சேஷாத்திரியும் தாவரவியலுக்கு மகேசுவரியும் வந்தனர். 1943ஆம் ஆண்டில் அங்கே மூன்றாண்டுப் பட்டப் படிப்பு தொடங்கியது. பிற்காலத்தில் நாடு முழுவதும் பரவிய முறைக்கு அது முன்மாதிரி ஆயிற்று.

இங்கே ஒரு கேள்வி எழலாம். விண்மீன்களை ஆராய்ந்தவர் தனி ஊசலையும் திருகு அளவியையும் கொண்டு தொடங்கும் அடிப்படைக் கல்விக்கு ஏன் இத்தனை மதிப்புக் கொடுத்தார்? பதிலை அவருடைய ஆராய்ச்சியிலேயே காணலாம். அவரும் உடன் பணியாற்றிய அவுலக்கும் 1946ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 4 என்னும் எண்ணை எத்தனை வகையில் பிரிக்கலாம்? 4, 3ம் 1ம், 2ம் 2ம், 2ம் 1ம் 1ம், 1ம் 1ம் 1ம் 1ம் என ஐந்து வகை. தொடக்கப் பள்ளிக் குழந்தையும் புளியங்கொட்டைகளைக் கொண்டு இதைச் செய்து பார்த்துவிடும். ஆனால் எண் பெரிதாகப் பெரிதாக விடை மலையெனக் குவியும். கும்பகோணத்தில் வளர்ந்த நம் இராமானுஜனும் ஹார்டியும் இதற்கு வழி கண்டது 1918ஆம் ஆண்டில். பல துகள்களுக்கிடையே ஆற்றல் எத்தனை வகையில் பங்கிடப்படலாம் என்னும் இயற்பியல் வினாவும் இதே வினாதான் என்பதைத் தில்லி ஆசிரியர்கள் இருவரும் விளக்கினர். அடிப்படை எளியது, ஆயினும் மேலே எழும் மாடம் அனைத்தையும் அதுவே தாங்குகிறது.

ஆய்வுக்கூடம் கற்பிக்கும் வாய்மை

கல்லூரி முதலாண்டு மாணவன் தனி ஊசலை ஆட்டி, இருபது அலைவுகளுக்கான நேரத்தைக் கணக்கிட்டு, புவியீர்ப்பு முடுக்கத்தைக் காண்கிறான். பாட நூலில் விடை முன்னமே அச்சாகியிருக்கிறது. அவன் கண்ட விடை சற்று விலகி நிற்கும். அப்பொழுது அவனுக்கு ஒரு சோதனை. நூலில் உள்ள எண் வருமாறு பதிவேட்டைத் திருத்துவதா, கருவி காட்டிய எண்ணை எழுதி விலகலுக்குக் காரணம் தேடுவதா? முதல் வழி மதிப்பெண் தரலாம். இரண்டாவது வழி வாய்மை என்னும் அணுவிரதத்தைச் சார்ந்தது. எவரும் கண்டிக்காத இடத்தில், ஒரு சிறு எண்ணில் காக்கப்படும் வாய்மை அது. மேலும், தன் அளவீட்டில் பிழைக்கு இடமுண்டு என ஒப்புக்கொண்டு அப்பிழையின் எல்லையையும் எழுதக் கற்பிக்கும் இடம் ஆய்வுக்கூடமே. என் கருத்தே முடிந்த முடிபு என்னும் செருக்கு அங்கே கரைகிறது. அறிவியலை நூலளவில் படித்து ஆய்வுக்கூடத்தைத் தொடாதவன் இந்த இரு பாடங்களையும் இழக்கிறான்.

பாதுகாப்புப் பணியும் கொல்லாமையும்

1948ஆம் ஆண்டில் பிரதமர் நேரு, கோத்தாரியைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகராக அமர்த்தினார். 1961ஆம் ஆண்டு வரை அப்பொறுப்பை வகித்து, நாட்டின் பாதுகாப்பு அறிவியல் நிறுவனங்களுக்கு அடித்தளமிட்டார். அக்காலம் முழுவதும் பேராசிரியர் பதவியை அவர் விட்டுவிடவில்லை.

கொல்லாமையைத் தலையாய விரதமாகக் கொண்ட நெறியில் பிறந்தவர் இப்பணியை ஏற்கலாமா என்று நம்மில் சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான்; அதை மறைத்துவிட்டு அவர் புகழை மட்டும் பேசுவது முறையன்று. நம் ஆகமங்கள் இம்சையைச் சங்கல்ப இம்சை, ஆரம்ப இம்சை, உத்தியோக இம்சை, விரோதி இம்சை என நான்காகப் பகுத்துள்ளன. மனமாரக் கருதிச் செய்யும் சங்கல்ப இம்சை இல்லறத்தார்க்கு முற்றும் விலக்கு. தாக்க வருபவரிடமிருந்து தம்மையும் நாட்டையும் காக்கும்போது நேரும் விரோதி இம்சையை இல்லறத்தார் முற்றிலும் தவிர்க்க இயலாது என்பதை ஆசாரியர்கள் ஏற்றனர்; ஆயினும் அதுவும் இம்சையே என்பதை மறுக்கவில்லை. கோத்தாரியின் பணியை இந்த எல்லைக்குள் வைத்தே எடைபோட வேண்டும். ஆயுதம் மட்டும் அவர் காலத்து ஆராய்ச்சியாக இருக்கவில்லை. பாலையின் வெயிலில் நிற்கும் வீரனின் உடல்நிலை, அவனுடைய உணவு ஆகியனவும் ஆராயப்பட்டன.

அந்தப் பதவியில் இருந்துகொண்டே அவர் செய்த மற்றொரு பணி, அவர் உள்ளம் எத்திசையில் நின்றது என்பதைக் காட்டும். 1954ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பிகினித் தீவில் அமெரிக்கா ஐட்ரஜன் குண்டைச் சோதித்தது. அச்சாம்பல் ஜப்பானிய மீன்பிடி படகு ஒன்றின்மேல் படிந்து, அதிலிருந்தோர் கொடிய நோயுற்றனர். சோதனைகளை நிறுத்துமாறு நேரு உலக நாடுகளை வேண்டினார். அணுகுண்டின் விளைவுகளை ஆராய்ந்து நூலாக்கும் பொறுப்புக் கோத்தாரியிடம் வந்தது. வெப்பம், அதிர்வு, கதிர்வீச்சு, காற்றில் பரவும் நச்சுத் துகள்கள், பிறவாத தலைமுறைக்கும் நேரக்கூடிய கேடு ஆகியவற்றை விளக்கிய அந்நூல் 1956ஆம் ஆண்டில் நேருவின் முன்னுரையுடன் வெளிவந்தது. பிற மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. வல்லரசுகள் இரகசியமாக வைத்திருந்தவற்றை வெளியான தகவல்களைக்கொண்டே கணக்கிட்டு, பொதுமக்கள் அறியுமாறு எழுதியது அந்நூலின் சிறப்பு. அறிவின் வழியே செய்யப்பட்ட அபயதானம் என்று இதனைக் கூறலாம்.

கல்லூரிகளுக்குச் சென்ற உதவி

1961ஆம் ஆண்டில் கோத்தாரி பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவரானார். 1973ஆம் ஆண்டு வரை அப்பொறுப்பில் இருந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் நாட்டின் உயர்கல்விப் பணம் எங்கே செல்ல வேண்டும் என்பதை முடிவு செய்யும் இடம் அது.

உச்சியையும் அடித்தளத்தையும் அவர் ஒருங்கே நோக்கினார். உச்சிக்காக உயராய்வு மையங்கள் அமைந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியலும், உயிர் இயற்பியலும், கணிதமும், தத்துவமும் இத்தகைய மையங்களைப் பெற்றன. அறிவியல் துறைகளோடு தத்துவத்திற்கும் அதே தகுதி வழங்கப்பட்டதை நாம் கவனிக்க வேண்டும். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அவர்கள் வழியாகத் தத்துவப் பேராசிரியர் பதவியின் பெருமையை உணர்ந்த நமக்கு இது மகிழ்ச்சி தருவது.

அடித்தளத்திற்காகச் செய்தவை இவற்றினும் முக்கியமானவை என்பது என் கருத்து. இந்திய மாணவர்களில் பெரும்பாலோர் பயில்வது பல்கலைக்கழகத் துறைகளில் அன்று. சிற்றூர்களையும் சிறு நகரங்களையும் சார்ந்த இணைப்புக் கல்லூரிகளில். அங்கே ஒரு கருவியைச் சுற்றி ஏழெட்டு மாணவர் நிற்பர். ஒருவன் அளப்பான், மற்றவர் எழுதிக்கொள்வர். இந்நிலையை மாற்ற, பட்டப் படிப்பின் அறிவியல் கல்வியை மேம்படுத்தும் தனித் திட்டம் ஒன்றை மானியக் குழு 1970ஆம் ஆண்டில் தொடங்கியது. தெரிந்தெடுத்த கல்லூரிகளுக்கு ஆய்வுக்கூடக் கருவிகள், நூல்கள், பாடத்திட்டத்தையும் செய்முறைப் பயிற்சிகளையும் திருத்தியமைக்க உதவி ஆகியன கிடைத்தன. சில ஆண்டுகளில், மொழி, வரலாறு, பொருளியல் முதலிய கலைத் துறைகளுக்கும் அதே வடிவில் ஒரு திட்டம் உருவானது. 1960களில் விடுமுறைக் காலப் பயிலரங்குகள் நாடெங்கும் நடைபெற்றன. ஆசிரியர்கள் மீண்டும் மாணவராகி, தாம் கற்பிக்கும் பாடத்தைத் தம் கையால் செய்து பார்த்தனர்.

தாய்மொழியில் அறிவியல் வளர வேண்டும் என்பதிலும் அவர் கருத்துச் செலுத்தினார். 1961ஆம் ஆண்டில் அமைந்த அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தின் முதல் தலைவர் அவரே. பிற்காலத்தில் இந்திய ஆட்சிப் பணித் தேர்வு முறையை ஆராய்ந்த குழுவுக்கும் தலைவராகி 1976ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1979ஆம் ஆண்டு முதல் இந்திய மொழிகளில் அத்தேர்வை எழுத வழி பிறந்தது. இன்று ஒரு சிற்றூர் மாணவி தமிழில் அத்தேர்வை எழுத முடிவதில் இவருக்கும் பங்குண்டு.

கல்விக் குழுவின் தலைவர்

1964ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளில், கோத்தாரி தலைமையில் கல்விக் குழு பணியைத் தொடங்கியது. குழுவினர் நாடெங்கும் சென்று ஏறத்தாழ 9000 பேரைக் கண்டு உரையாடினர். 2400க்கு மேற்பட்ட கருத்துரைகள் எழுத்தாக வந்தன. 1966ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் அறிக்கை அளிக்கப்பட்டது. மழலைக் கல்வி முதல் முனைவர் பட்டம் வரை கல்வி முழுவதையும் ஒரே பார்வையில் கண்ட குழு அதுவே.

பத்தாண்டுப் பள்ளிக் கல்வி, ஈராண்டு மேல்நிலை, மூன்றாண்டுப் பட்டப் படிப்பு என்னும் அமைப்பு அதன் பரிந்துரை. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது அதன் வழியே. நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு 6 பங்கு கல்விக்குச் செல்ல வேண்டும் என்றது. அந்த இலக்கை 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் மீண்டும் கூற வேண்டியிருந்தது எனில், பரிந்துரை எழுதுவதினும் நிறைவேற்றுவது எத்துணைக் கடினம் என்பது விளங்கும். எல்லாக் குழந்தைகளும் ஒன்றாகப் பயிலும் பொதுப்பள்ளி முறை என்னும் பரிந்துரையோ ஏட்டளவில் நின்றுவிட்டது.

பெண் ஆசிரியை என்ற முறையில் நான் தனியே எடுத்துக் கூற விரும்புவது ஒன்றுண்டு. முதல் பத்தாண்டுகள் அறிவியலும் கணிதமும் ஆண் பெண் வேறுபாடின்றி அனைவர்க்கும் கட்டாயம் என்பது அக்குழுவின் முடிவு. பெண்களுக்கு மனையியல் போதும், இயற்பியலும் வேதியியலும் எதற்கு என்று பேசிய காலம் அது. நம் வீட்டுப் பெண்கள் இன்று ஆய்வுக்கூடங்களில் நிற்பதற்கு அந்த முடிவும் ஒரு காரணம். அதே அறிக்கை, கைகளால் உழைத்துப் பெறும் பணி அனுபவத்தையும், அற ஆன்மிக விழுமியங்களையும் கல்வியின் உறுப்புகளாக்கியது. அறிவியல் பேராசிரியர் தலைமை தாங்கிய குழு அறிவியல் மட்டும் போதாது என்று முடிவு கண்டது சிந்திக்கத்தக்கது.

சியாத்வாதமும் புதிய இயற்பியலும்

வாழ்வின் பிற்பகுதியில் அவர் சிந்தனை அறிவியலுக்கும் ஆன்மிகத்துக்கும் உள்ள தொடர்பில் ஆழ்ந்தது. ஒளி சில சோதனைகளில் அலையாகவும் சிலவற்றில் துகளாகவும் தோன்றுகிறது. இரண்டும் வேண்டும்; ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்காது என்று நீல்ஸ் போர் 1927ஆம் ஆண்டில் கூறினார். இரு அறைகள் கொண்ட பெட்டி ஒன்றில் ஒரு துகள் இருப்பதாகக் கொள்வோம். அளந்து பார்க்கும் முன், அது இந்த அறையில் உண்டா என்னும் வினாவிற்கு உண்டு என்றோ இல்லை என்றோ மட்டும் விடை கூறிவிட முடியாது. உண்டு, இல்லை, சொல்லொணாதது என்பவற்றைத் தனித்தும் இணைத்தும் ஏழாக வகுக்கும் நம் சப்தபங்கி இங்கே எத்துணைப் பொருத்தமாக அமைகிறது என்பதைக் கோத்தாரி எழுதிக் காட்டினார். புள்ளியியல் அறிஞர் மகலனோபிசும், உயிரியல் அறிஞர் ஹால்டேனும் 1950களில் சியாத்வாதத்தின்பால் ஈர்க்கப்பட்டு எழுதியுள்ளனர்.

இதைக்கொண்டு, இன்றைய இயற்பியல் முழுவதும் நம் ஏடுகளில் முன்பே உள்ளது என்று பெருமை பேசுவது பொருந்தாது. அப்பேச்சே அநேகாந்தத்திற்கு முரண். உண்மை பல பக்கங்களை உடையது. ஒரு பக்கத்தை மட்டும் கண்டவன் அடக்கம் பூண வேண்டும் என்பதே இரண்டும் கற்பிக்கும் பாடம்.

நிறைவு

1962ஆம் ஆண்டில் பத்மபூஷண், 1973ஆம் ஆண்டில் பத்மவிபூஷண் விருதுகள் அவருக்கு வழங்கப்பட்டன. 1963ஆம் ஆண்டில் இந்திய அறிவியல் மாநாட்டின் தலைவரானார். பின்னர் ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கினார். 1993ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள் ஜெய்ப்பூரில் இயற்கை எய்தினார். முனைவர் பட்டம் பெற்ற இளம் அறிவியலாளர்க்கான மானியக் குழுவின் உதவித்தொகை ஒன்று அவர் பெயரால் அமைந்தது.

நம் குடும்பங்களில் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பொறியியல், மருத்துவம், கணினி என்னும் மூன்று சொற்களே பெற்றோர் வாயில் எழுகின்றன. இயற்பியலோ, வேதியியலோ, தமிழோ, வரலாறோ எடுத்தான் என்றால், மதிப்பெண் குறைவோ என்று உறவினர் கேட்கின்றனர். பிழைப்புக்கு வழி தேடுவதை நான் குறை கூறவில்லை. 50 ரூபாய் உதவித்தொகையில் படித்தவருக்கும் பிழைப்பின் அருமை தெரிந்தே இருந்திருக்கும். ஆனால் விருப்பமுள்ள ஒரு பிள்ளையை அடிப்படைக் கல்வியிலிருந்து நாமே விலக்குவது சரியா? நம் அறக்கட்டளைகள் கோயில் திருப்பணிக்குக் கொடுப்பதோடு, சிற்றூர்க் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்திற்கு நான்கு நுண்ணோக்கிகள் வாங்கிக் கொடுத்தால் அதுவும் சாத்திரதானத்தில் சேராதா? சுருதபஞ்சமியன்று ஏடுகளுக்குச் சிறப்புச் செய்யும் நாம் சிந்திக்க வேண்டிய வினா இது.

நற்காட்சியும் நல்ஞானமும் நல்லொழுக்கமும் மூன்றும் சேர்ந்தே வழியாகும் என்கிறது நம் நெறி. கண்ணால் கண்டு, கையால் செய்து பெறும் அறிவும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்னும் தெளிவும் ஒரே கல்லூரியில் ஒரே மாணவனுக்குக் கிடைக்க வேண்டும் என்று உழைத்தார் பேராசிரியர் கோத்தாரி. அந்த வழியில் நம் பிள்ளைகளில் சிலரேனும் செல்வார்களாக.

அறம் வளர்க!